‘அடி வாங்கி வளர்ந்தவங்கதான் ஒழுங்கானவங்க’: வாட்ஸ்அப் தகவல் சரியா?

“பிரம்படி வாங்கிய தலைமுறைதான் ஒழுக்கமான தலைமுறை, பள்ளியில் லேசாக அடிக்கச் சட்டமே அனுமதிக்கிறது” என்று ஒரு செய்தி சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

ஆய்வாளர்கள் எலிசபெத் கெர்ஷாஃப், ஆண்ட்ரூ க்ரோகன்-கெய்லர் 2016-ல் வெளியிட்ட தொகுப்பாய்வு, சுமார் 1,60,000 குழந்தைகள் பற்றிய 75 ஆய்வுகளை எடுத்துக்கொண்டது. பிட்டத்திலோ கையிலோ வெறுங்கையால் அடிப்பதை மட்டும் தனியே பார்த்தும், நல்லொழுக்கம் கூடியதாகத் தெரியவில்லை. சிறுவயதில் அடி வாங்கியவர்கள் பெரியவர்களானபின் ‘பிள்ளையை அடிக்கலாம்’ என்று சொல்வதுதான் கூடுதல். (இது புள்ளிவிவரத் தொடர்பு மட்டுமே, எல்லாருக்கும் அப்படியே நடக்கும் என்றில்லை.) ‘நானும் அடி வாங்கினேன், நல்லாத்தானே இருக்கேன்’ என்ற பேச்சும் இங்கிருந்தே வரலாம்.

சட்டம்: கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17. உடல் தண்டனை, மனரீதியான துன்புறுத்தல் இரண்டுக்குமே தடை. ‘லேசாக’ என்ற விலக்கு அதில் இல்லை. மத்திய அரசின் சட்டத் தொகுப்பான இந்தியா கோட் (India Code) இணையதளத்தில் படிக்கலாம். அந்தச் செய்தியை இனி அனுப்பாதீர்கள்.