மவுஸ் வாங்குவதற்கு முன் ஸ்கேலை எடுங்கள்

"எஃப்பிஎஸ் ஆடுறேன், எந்த மவுஸ் நல்லது?" என்று யாராவது கேட்டால் (எஃப்பிஎஸ் என்பது வீரனின் கண் வழியாகப் பார்த்துச் சுடும் கம்ப்யூட்டர் ஆட்டம்), வருகிற பதில்களில் முக்கால்வாசி டிபிஐ எண்ணில்தான், அதாவது ஒரு அங்குலம் நகர்ந்தால் மவுஸ் எத்தனை எண்ணிக்கை அனுப்பும் என்பதில்தான், ஆரம்பிக்கின்றன. 26,000, 30,000 என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அதைப் பார்த்து வாங்கி, வீட்டுக்குக் கொண்டுபோய் 800-இல் வைத்து ஆடுவார்கள். மிச்சம் 29,200 எதற்கு என்று யாரும் கேட்பதில்லை.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மவுஸை வேகமாக இழுக்க எல்லோருக்கும் வரும். எதிரியின் தலைக்கு நேராக வந்ததும் அங்கேயே நிறுத்துவதுதான் வராது. குறியைத் தாண்டிப் போய்த் திரும்ப இழுக்கிறோம், இல்லாவிட்டால் ஒரு நூல் முன்னாலேயே நின்றுவிடுகிறோம். ஆகவே மவுஸின் ஒவ்வொரு அம்சத்தையும் "இது நிறுத்துவதற்கு உதவுமா, கெடுக்குமா" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். வரிசை தானாக மாறிவிடும். வடிவம் முதலில் வரும், அப்புறம் எடை, அப்புறம் மவுஸுக்கு அடியில் விரிக்கும் பேட். விளம்பரத்தில் முதலில் நிற்கும், மவுஸின் அசைவைப் படிக்கும் சென்சார் கடைசிக்குப் போய்விடும்.

வடிவத்தில் ஆரம்பிப்போம், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான்.

ஸ்கேலை எடுத்து இரண்டு அளவு குறித்துக்கொள்ளுங்கள். நடுவிரல் நுனியிலிருந்து மணிக்கட்டின் முதல் ரேகை வரை நீளம். கட்டைவிரலை விட்டுவிட்டு, விரல் முட்டிகளுக்குக் குறுக்கே அகலம். இந்த இரண்டிலும் 60 சதவீதம் எடுத்தால் மவுஸின் நீளமும் பிடி அகலமும் கிடைக்கும் என்று ஒரு பழைய கணக்கு உண்டு. கை 19.5 செ.மீ. என்றால் மவுஸ் 117 மி.மீ. வேதவாக்கு இல்லை, தொடங்குமிடம். உள்ளங்கை முழுக்கப் படிய வைப்பவர் இதற்கு மேல் ஒரு செ.மீ. வரை போகலாம், விரல் நுனியால் பிடிப்பவர் கீழே போகலாம். ரேசர் வைப்பர் மினி சுமார் 118 மி.மீ., லாஜிடெக் ஜி ப்ரோ எக்ஸ் சூப்பர்லைட் 125 மி.மீ. எழுத்தில் 7 மி.மீ. அற்பமாகத் தெரியும், கையில் வைத்தால் இரண்டும் வேறு வேறு சாதி.

அகலத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பெட்டியில் போடும் அகலம் மவுஸின் மிகப் பருத்த இடத்தின் அகலம். உங்கள் கட்டைவிரலும் மோதிர விரலும் பிடிப்பது இடுப்பு மாதிரி ஒடுங்கிய இடத்தை. வைப்பர் மினியின் மொத்த அகலம் சுமார் 61 மி.மீ., பிடிக்கிற இடத்தில் 53 அல்லது 54 தான். பார்க்க வேண்டியது இந்த இரண்டாவது எண்.

அடுத்து பிடி. பாம், கிளா, ஃபிங்கர்டிப் என்று மூன்று பெயர் சொல்வார்கள். பாம் என்றால் உள்ளங்கை முழுக்க மவுஸின் முதுகில் சாய்ந்திருக்கும். கிளா என்றால் உள்ளங்கையின் அடிப்பாகம் மட்டும் தொட்டு, விரல்கள் வளைந்து நிற்கும். ஃபிங்கர்டிப்பில் உள்ளங்கை தொடவே தொடாது. உங்கள் பிடி எது என்று சும்மா உட்கார்ந்து கையை வைத்துப் பார்த்தால் தெரியாது. ஆட்டம் சூடாக இருக்கும்போது, ஒருவரைச் சுட்டு முடித்த அந்த நொடியில் கையை அசைக்காமல் குனிந்து பாருங்கள். நிதானத்தில் பாம் பிடிப்பவர்களில் பலர் சண்டையில் கிளாவுக்கு மாறியிருப்பார்கள்.

இதற்கும் குறிக்கும் என்ன சம்பந்தம்? ரைஃபிளில் தொடர்ந்து சுடும்போது துப்பாக்கி மேலே ஏறும், நாம் மவுஸைக் கீழே, அதாவது நம் பக்கம் இழுப்போம். விரல்களை மடக்கித்தான் அந்த இழுப்பை நுணுக்கமாகச் செய்ய முடியும். மவுஸின் பின்பக்கம் ஏற்கெனவே உள்ளங்கையில் இறுக்கமாக முட்டிக்கொண்டிருந்தால் விரல் மடங்க இடமே இருக்காது, முழு முன்கையையும் இழுக்க வேண்டிவரும். ஒன்றரை செ.மீ. இடைவெளி இருந்தால் விரலே பார்த்துக்கொள்ளும். "இடம் வலம் நன்றாக வருகிறது, மேல் கீழ்தான் சொதப்புகிறது" என்று சொல்பவர்கள் முதலில் இந்த இடைவெளியைப் பார்க்கட்டும். திமில், அதாவது மவுஸின் முதுகு மேடு, எங்கே இருக்கிறது என்பதும் இதனால்தான் முக்கியம். திமில் பின்னால் தள்ளியிருந்தால் கிளாவுக்கு உள்ளங்கையின் அடிப்பாகம் பதிய இடம் கிடைக்கும். நடுவில் உயர்ந்திருந்தால் பாமுக்குச் சுகம்.

சுண்டுவிரலையும் மறக்காதீர்கள். அது பேட்டில் இழுபட்டால் அந்த உராய்வு ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி இருக்கும், நிறுத்தும் இடம் தவறும். அரை மணி நேரத்தில் கட்டைவிரலின் அடியில் வலி வந்தால் மவுஸ் ஒடுக்கமாக இருக்கிறது, இறுக்கிப் பிடிக்கிறீர்கள் என்று அர்த்தம். பழகினால் சரியாகிவிடும் என்று மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம். கை மாறாது.

எடை விஷயத்தில் கடந்த சில ஆண்டுகளாக எல்லோரும் ஒரே திசையில் ஓடுகிறார்கள். 100 கிராமுக்கு மேல் இருந்ததெல்லாம் இப்போது 60-க்குக் கீழே. சூப்பர்லைட் 63 கிராமுக்குள் 2020-இல் வந்தது, 2022-இல் வைப்பர் வி2 ப்ரோ 58 கிராம். நியாயமான ஓட்டம்தான். ஓடும் பொருளை நிறுத்தத் தேவையான விசை அதன் எடையோடு கூடும், பாதி எடை என்றால் பாதி முயற்சி. ஆனால் 40 கிராமுக்கு இறங்கினால் கையின் இயல்பான நடுக்கமும் வடிகட்டப்படாமல் திரைக்கு வந்துவிடும், அதிலும் வழுக்கும் பேட் சேர்ந்தால் ஸ்னைப்பர் ஸ்கோப்பில் குறி நிற்காது. 50 முதல் 65 வரை இருந்தால் போதும், அதற்குக் கீழே ஒவ்வொரு கிராமுக்கும் அலைவது வீண் என்பது என் எண்ணம்.

மொத்த எடையை விடச் சமநிலை முக்கியம். இரண்டு விரலால் பக்கவாட்டில், சென்சாருக்கு நேராகப் பிடித்துத் தூக்குங்கள். மூக்கு தொங்கினால் ஒவ்வொரு முறை தூக்கி வைக்கும்போதும் முன்பக்கம் முதலில் பேட்டில் உரசும், குறி துள்ளும். இன்னொரு சோதனை: பக்கச் சுவர்களை அழுத்திப் பாருங்கள். எடையைக் குறைக்கச் சுவரை மெலிதாக்கியிருந்தால் பதற்றத்தில் பிடிக்கும்போது பக்கப் பொத்தான் தானாக அழுந்தும்.

பேட்டை இலவச இணைப்பு மாதிரி நடத்துகிறார்கள், எனக்கு இதில் கோபமே வருகிறது. நிறுத்துவது பாதி பேட்டின் வேலை. மூலையில் காத்திருந்து ஒரு குண்டில் முடிக்கும் சிஎஸ்2, வேலரன்ட் போன்றவற்றுக்குக் கொஞ்சம் பிடித்து நிறுத்தும் துணி பேட். எதிரி குதித்துப் பறந்து, நாம் தொடர்ந்து பின்தொடர வேண்டிய அபெக்ஸ் போன்றவற்றுக்குச் சற்று வழுக்கும் பேட். குறைந்த சென்சிட்டிவிட்டிக்கு, அதாவது மவுஸை நிறைய நகர்த்தினால்தான் பார்வை திரும்பும் என்றால், 45க்கு 40 செ.மீ. பேட் வேண்டும். துணி பேட் வியர்வையிலும் ஈரக் காற்றிலும் மந்தமாகும். நடுவில் தேய்ந்து பளபளத்துவிட்டால் நடுவில் ஒரு வேகம், ஓரத்தில் ஒரு வேகம். அப்போது மாற்றிவிடுங்கள்.

மவுஸின் அடியில் உள்ள வெள்ளைப் பாதங்கள், ஸ்கேட், தேய்ந்தால் அவற்றை மட்டும் மாற்றலாம். ஹேர் டிரையரால் லேசாகச் சூடுகாட்டி, மெல்லிய பிளாஸ்டிக் துண்டால் நெம்பி எடுங்கள். மிச்சமிருக்கும் பசையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சால் சுத்தமாகத் துடைக்க வேண்டும். ஒரு மூலையில் பசை தங்கினால் மவுஸ் கால் சமமில்லாத நாற்காலி மாதிரி ஆடும். சென்சாரின் உயரம் மாறிக் கண்காணிப்பும் கெடும். புதுப் பாதம் கரகரவென்று இருக்கிறது என்று புகார் சொல்லும் முன், மேலே ஒட்டியிருக்கும் பாதுகாப்புத் தாளை உரித்தீர்களா என்று ஒருமுறை பாருங்கள். சிரிக்க வேண்டாம், இது அடிக்கடி நடக்கிறது.

இப்போது சென்சிட்டிவிட்டி. டிபிஐ மட்டும் சொன்னால் ஒன்றும் சொன்னதாகாது. ஒரு முழுச் சுற்று திரும்ப மவுஸ் எத்தனை செ.மீ. நகர வேண்டும் என்பதுதான் உண்மையான அளவு. சிஎஸ்2-இல் சென்சிட்டிவிட்டி 1 என்றால் மவுஸ் அனுப்பும் ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் பார்வை 0.022 டிகிரி திரும்பும். 800 டிபிஐயில் ஒரு அங்குலத்துக்கு 17.6 டிகிரி. 360-ஐ அதால் வகுத்தால் 20.45 அங்குலம், அதாவது 52 செ.மீ. வேலரன்ட்டில் அதே இடத்தில் 0.07 டிகிரி. அதனால் சிஎஸ் எண்ணை 3.18-ஆல் வகுத்தால் அதே உணர்வு கிடைக்கும், 1 என்பது 0.314 ஆகும். இந்த இரண்டு ஆட்டங்களுக்கும் 30 முதல் 60 செ.மீ. வரை நல்ல எல்லை. 10 செ.மீ.யில் முழுச் சுற்று சுற்றுபவர், மவுஸை ஒரு மி.மீ. தவறாக நிறுத்தினாலே குறி 3.6 டிகிரி விலகிவிடும். எந்த மவுஸாலும் அவரைக் காப்பாற்ற முடியாது.

டிபிஐயை 800 அல்லது 1600-இல் வைத்து, ஆட்டத்துக்குள் சென்சிட்டிவிட்டியைக் குறைத்துக்கொள்ளுங்கள். காரணம் உண்டு. 400-இல் மவுஸ் 0.064 மி.மீ. நகர்ந்த பிறகுதான் முதல் எண்ணிக்கை போகும், 1600-இல் 0.016 மி.மீ.யிலேயே போய்விடும். மெதுவாகத் தொடங்கும் நுண்ணிய திருத்தங்களில் இது சிறு தாமதத்தைக் குறைக்கும். விண்டோஸில் மவுஸ் அமைப்புக்குப் போய், சுட்டியின் துல்லியத்தைக் கூட்டுவதாகச் சொல்லும் டிக்கை எடுத்துவிடுங்கள். பெயர்தான் துல்லியம், செய்வது முடுக்கம். ஒரே தூரத்தை வேகமாக இழுத்தால் அதிகமாகவும் மெதுவாக இழுத்தால் குறைவாகவும் நகர்த்தும். மவுஸின் அசைவை நேரடியாகப் படிக்கும் ரா இன்புட் வசதி உள்ள ஆட்டங்களில் அதை இயக்கினால் விண்டோஸின் குறுக்கீடு உள்ளே வராது.

சென்சாரைக் கடைசியில் வைத்தேன் என்பதற்காக எது வேண்டுமானாலும் போதும் என்று சொல்லவில்லை. பிக்ஸ்ஆர்ட் நிறுவனத்தின் 3360 சென்சார் நொடிக்கு 250 அங்குலம் வரை தொடரும், மணிக்கு 22 கி.மீ.க்கு மேல். 3395 நொடிக்கு 650. மேசையில் ஆட 3360 மட்டுமே போதும், அதற்கு மேல் எல்லாம் உபரி. பயப்பட வேண்டியது பெயரே போடாத மலிவு சென்சார்களுக்கு. வேகமாக வீசினால் தடம் தவறி, பார்வை திடீரென்று தரையையோ வானத்தையோ பார்க்கும். சில சென்சார்கள் நாம் இழுக்கும் கோட்டை நேராகத் "திருத்தித்" தருவேன் என்று நாம் கேட்காத உதவி செய்யும்.

மவுஸைத் தூக்கும்போது எந்த உயரத்தில் சென்சார் தொடர்வதை நிறுத்துகிறது என்பதைச் சொந்தமாகவே அளக்கலாம். ஏடிஎம் கார்டின் தடிமன் 0.76 மி.மீ. முன்பாதங்களின் கீழ் ஒன்று, பின்பாதங்களின் கீழ் ஒன்று வைத்து, சென்சாருக்கு நேர்கீழே பேட் தெரியும்படி கார்டுகளோடு சேர்த்து நகர்த்துங்கள். பிறகு இரண்டிரண்டாக அடுக்கிப் பாருங்கள். இரண்டு கார்டு உயரத்திலும் சுட்டி நகர்ந்தால், தூக்கி வைக்கும் ஒவ்வொரு முறையும் குறி இழுபடும். மென்பொருளில் அந்த உயரத்தைக் குறைக்க வழி இருக்கிறதா என்று தேடுங்கள்.

போலிங் ரேட், அதாவது கம்ப்யூட்டர் மவுஸை நொடிக்கு எத்தனை முறை கேட்கிறது என்பது, 1000 என்றால் 1 மில்லி நொடிக்கு ஒரு முறை தகவல் போகும், 8000 என்றால் 0.125. கேட்க நன்றாக இருக்கிறது. 400 டிபிஐயில் நொடிக்கு 2 அங்குலம் நகர்த்தினால் மொத்தமே 800 எண்ணிக்கை, 8000 கேள்விகளில் 7200-க்காவது வெறும் கைதான் பதில். பிராசஸருக்குச் சுமை, வயர்லெஸ் பேட்டரிக்குச் சாவு. ஆட்டம் திக்கினால் முதலில் இதை 1000-க்கு இறக்குங்கள்.

ஸ்விட்ச் பற்றி ஒரு விஷயம். கிளிக் கனமாக இருந்தால் சுடும் அந்தக் கணத்திலேயே மவுஸ் அசையும், பாடுபட்டு நிறுத்தியது வீண். மிக லேசாக இருந்தால் ஓய்வாக வைத்த விரலே சுட்டுவிடும். கிளா பிடிப்பவர் பொத்தானின் நடுப்பகுதியையும் அழுத்திப் பார்க்க வேண்டும், வளைந்த விரல் விழுவது அங்கேதான், அந்த இடத்தில் கிளிக் கனப்பது வழக்கம். சாதாரண ஸ்விட்சில் உள்ள உலோகத் தகடு தேயத் தேய, ஒரு முறை அழுத்தினால் இரண்டாகப் பதியும். டிபவுன்ஸ் நேரத்தை, அதாவது ஒரு கிளிக்குக்குப் பின் அடுத்ததைக் கணக்கில் எடுக்காத சிறு இடைவெளியை, கூட்டினால் தற்காலிகமாக அடங்கும். அதை 0-வில் வைத்து ஆடினால் புதிதிலேயே இரட்டைக் கிளிக் வரலாம். ஒளியால் அழுத்தத்தை அறியும் ஆப்டிகல் ஸ்விட்சுக்கு இந்த நோய் கிடையாது.

வயரா வயர்லெஸ்ஸா என்ற சண்டை முடிந்துபோன சண்டை. நல்ல 2.4 கிகாஹெர்ட்ஸ் வயர்லெஸ் வயருக்குச் சமம். புளூடூத்தில் மட்டும் ஆடாதீர்கள், அது ஆபீஸ் வேலைக்கு. மவுஸின் சிக்னலைப் பிடிக்கும் டாங்கிளை கம்ப்யூட்டரின் பின்பக்கம், யுஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க்குக்குப் பக்கத்தில் சொருகிவிட்டு "மவுஸ் திக்குது" என்று சொல்பவர்களுக்கு: யுஎஸ்பி 3.0 கிளப்பும் இரைச்சல் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம்தான் விழுகிறது. கூடவே வந்த நீட்டிப்பு வயரைப் பெட்டியிலிருந்து எடுத்து, டாங்கிளை மேசை மேல் மவுஸிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வைத்துவிட்டு மறுபடி ஆடிப் பாருங்கள்.