வானமாதேவி சொன்னால் எப்படி இருக்கும்?

கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’ நாவலை வேறொரு பாத்திரத்தின் பார்வையில் எழுத நினைத்தால் முதலில் கை போவது நாகநந்தி என்ற புத்த பிக்ஷுவிடம்தான். எனக்கு அதில் உடன்பாடில்லை. பிக்ஷுவின் மனத்தைக் கல்கியே திறந்து காட்டிவிட்டார். மூன்றாம் பாகத்தின் பெயரே ‘பிக்ஷுவின் காதல்’. எழுதப்படாமல் மிச்சமிருப்பவள் வானமாதேவி. மாமல்லன் என்ற பல்லவ மன்னன் நரசிம்மவர்மனுக்கு வாழ்க்கைப்பட்டுக் காஞ்சிக்கு வந்த பாண்டியன் மகள். அவன் மனசில் இருக்கும் நடனப் பெண் சிவகாமியோ சாளுக்கியரின் தலைநகர் வாதாபியில் சிறையிருக்கிறாள்.

ஒரு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம், கதையில் நடந்தது. வலப்பக்கம், அது அவளுக்கு எப்போது, யார் வாயால் தெரிந்தது. வலப்பக்கம் பாதிக்குமேல் காலியாகவே கிடக்கும். உங்கள் நாவல் அந்தக் காலி இடத்தில்தான் இருக்கிறது. அதை நிரப்புவதற்காக ராணியைத் திரைச்சீலைக்குப் பின்னால் நிறுத்தி ஒட்டுக்கேட்க வைக்காதீர்கள். ஒருமுறை பொறுக்கலாம், மூன்றாவது முறை வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார்.

வயசுக் கணக்கில்தான் பலரும் சறுக்குவார்கள். மாமல்லனின் தந்தை மகேந்திரவர்மன் மறைவு 630ஐ ஒட்டி. வாதாபி விழுந்தது 642இல். அன்றைய வாதாபியான பாதாமியின் பாறையில் நரசிம்மவர்மனின் 13ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டே இருக்கிறது. நாவலிலோ சிவகாமி சிறையிருந்தது ஒன்பது வருஷம். கல்யாணம் அதற்குள் நடந்தது. ஆகவே படை கிளம்பும் நாளில் வானமாதேவியின் பிள்ளைகள் மகேந்திரனும் குந்தவியும் எட்டு வயதைத் தாண்டக் கூடாது. பெரிய மனுஷர் பேச்சை அவர்கள் வாயில் வைக்கவும் கூடாது.

“சிவகாமியை மீட்கவே இவர் போகிறார் என்பதை நான் அறிவேன்” என்று ராணியையே சொல்ல வைத்தால் காட்சி அங்கேயே செத்துவிடும். இப்படிப் பாருங்கள்:

‘அப்பா எதற்கு வாதாபி போகிறார்?’ என்றாள் குந்தவி. ‘பழி தீர்க்க’ என்றேன். யாருடைய பழி என்று அவள் கேட்கவில்லை.

சிவகாமியைக் கெட்டவளாக்கினால்தான் வானமாதேவி உயர்வாள் என்று நினைப்பது பெரிய தப்பு. இரண்டு பேருக்குமே அநியாயம் நடந்திருக்கிறது.

முடிவுக்கு வருவோம். நாவலின் கடைசியில் சிவகாமி ஏகாம்பரநாதர் சந்நிதியில் ஆடும் நடனத்தைத் திரும்ப எழுத வேண்டாம். சதங்கை ஒலியோடு கல்கி முடித்ததை யாராலும் மிஞ்ச முடியாது. கோயிலிலிருந்து கணவன் திரும்பி வரும் அந்த ராத்திரியை எழுதுங்கள். விளக்கைத் தூண்டிவிட்டுக் காத்திருக்கிறாள். வருகிறான். எங்கே போயிருந்தீர்கள் என்று அவள் கேட்கிறாளா, இல்லையா? அதை முடிவு பண்ணிவிட்டு முதல் அத்தியாயத்தைத் தொடங்குங்கள்.