மூணு தட்டும் ஒரு தாழ்ப்பாளும்

கணினி ஆட்டத்துக்கு மிஷன் (ஆடுபவர் நுழைந்து விளையாடும் ஒரு கட்டம்) கட்டுகிறவர்கள் முதலில் நாலு பக்கம் பின்கதை எழுதிவிட்டுத்தான் அதைக் கட்டும் மென்பொருளான எடிட்டரைத் திறக்க வேண்டும் என்கிறார், நான் படித்த ஒரு கட்டுரையை எழுதியவர். எனக்கு ஒப்பவில்லை.

நான் தருமபுரிக்காரன், 'தி டார்க் மாட்' ஆட்டத்துக்கு மிஷன் கட்டுபவன். திருடனாகப் பதுங்கிப் பதுங்கி ஆடும், 1998-ல் வந்த 'தீஃப்' ஆட்டத்தின் வழியில் உருவான இலவச ஆட்டம் அது. 2013 வரை 'டூம் 3' என்ற வேறோர் ஆட்டம் கணினியில் இருந்தால்தான் ஓடும். ஓட்டுத்தரையில் நடந்தால் காலடிச் சத்தம் காவலாளிக்குக் கேட்கும், கம்பளத்தில் அவ்வளவாகக் கேட்காது. பாதிக் கதையை அந்தப் பயமே சொல்லிவிடும்.

என் முதல் மிஷனில் வாசலிலேயே நீளமாக ஒரு கடிதம் வைத்தேன். பாலக்கோட்டிலிருந்து வந்த அண்ணன் மகன் படிக்காமலே மூடிவிட்டுப் போனான். கடுப்பில் கடிதத்தைத் தூக்கிவிட்டு, சாப்பாட்டு மேசையில் மூன்று தட்டு வைத்தேன், ஒன்று மட்டும் கவிழ்த்து. மாடியில் ஓர் அறை, தாழ்ப்பாள் வெளிப்பக்கம். அடுத்த தடவை அவனே கேட்டான்: "சித்தப்பா, பொண்ண உள்ள வெச்சுப் பூட்டிட்டாங்களா?"

நம்மூர் அகழ்வைப்பகத்தில் நடுகல் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. கையில் ஆயுதம், உடம்பில் தைத்த அம்பு, பக்கத்தில் மாடு. எழுத்து சில வரிதான். அதைப் படிக்கத் தெரியாதவனுக்கும் மாடு மீட்கப் போய்ச் செத்தவன் என்று புரிந்துவிடும்.

காவலாளிகளின் பேச்சைச் சுருக்கும்படி அந்தக் கட்டுரையாளர் சொன்னது மட்டும் சரி. என் மிஷனில் சமையல்காரியின் புலம்பல் இன்னும் நீளம்தான். வெட்ட மனசு வரவில்லை.