மொப்பே மோதாமல் இருந்திருந்தால்

அர்ஜென்டினாவின் கால்பந்துக் கோல் கீப்பர் எமிலியானோ மார்ட்டினெஸ் பற்றிய அந்தத் தன்னம்பிக்கைப் பதிவு மறுபடியும் சுற்றிக்கொண்டிருக்கிறது. பத்து வருஷம் லண்டன் கிளப்பான ஆர்சனலின் பெஞ்சில் உட்கார்ந்தார், ஆறு கிளப்புக்கு லோனில் (தற்காலிக இரவலாக) போனார், நம்பிக்கையை விடவே இல்லை, கடைசியில் உலகக் கோப்பையைத் தூக்கினார், நீங்களும் விடாதீர்கள். இவ்வளவுதான் விஷயம். கீழே நூற்றுக்கணக்கில் இதயங்கள்.

தகவலில் பெரிய பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் கதையில் இருக்க வேண்டிய இரண்டு பேரைக் காணோம். ஒருவர் பெர்ன்ட் லெனோ, இன்னொருவர் நீல் மொப்பே. இவர்கள் இல்லாமல் மார்ட்டினெஸ் கதையைச் சொன்னால் பாதிதான் சொன்னதாகும்.

2020 ஜூன் 20, பிரைட்டன் மைதானம். கொரோனாவால் நின்றுபோன பிரீமியர் லீக் அப்போதுதான் மறுபடி தொடங்கியிருந்தது, கேலரியில் ஆளே கிடையாது. முதல் பாதி முடியப் போகிற நேரம். ஆர்சனலின் முதல் கீப்பர் லெனோ ஒரு பந்தைப் பிடிக்க எழும்புகிறார், பிரைட்டன் முன்கள வீரர் மொப்பே வந்து மோதுகிறார், லெனோ தரையில் விழும்போது முழங்கால் திருகிக்கொள்கிறது. ஸ்ட்ரெச்சரில் போகும்போது மொப்பேயைப் பார்த்து விரலை நீட்டிக் கத்திக்கொண்டே போனார். அவருக்குப் பதிலாகக் கையுறையை மாட்டிக்கொண்டு ஓடி வந்தவர்தான் மார்ட்டினெஸ். வந்த அன்றைக்கே வெற்றி கிடைத்துவிடவும் இல்லை. காயத்துக்கான கூடுதல் நேரத்தில் அதே மொப்பே கோல் போட, ஆர்சனல் 2-1 என்று தோற்றது.

அதன்பின் நடந்ததெல்லாம் எல்லோருக்கும் தெரியும். இங்கிலாந்து கிளப்புகள் மோதும் எஃப்ஏ கோப்பை அரையிறுதியில் மான்செஸ்டர் சிட்டியை 2-0 என்று வென்றார்கள். ஆகஸ்ட் 1 இறுதிப் போட்டியில் செல்சியை 2-1. ஆட்டம் முடிந்ததும் கேமரா முன்னால் பேச முடியாமல் மார்ட்டினெஸ் அழுதார்.

அந்த மோதல் நடக்காமல் இருந்திருந்தால்? அடுத்த சீசனும் பெஞ்ச்தான். ஒருவேளை ஏழாவது லோன். அவருடைய உழைப்பு, ஒழுங்கு, மன உறுதி எல்லாம் அப்படியேதான் இருந்திருக்கும், பதிவு எழுத மட்டும் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

அந்தப் பத்து வருஷத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். அவர் பிறந்த மார் டெல் பிளாட்டா அர்ஜென்டினாவின் ஒரு கடற்கரை ஊர். கஷ்டப்பட்ட குடும்பம். கட்ட வேண்டிய பணத்தைக் கட்ட முடியாமல் அப்பா இரவில் அழுததைப் பார்த்ததாகப் பேட்டிகளில் அவரே சொல்லியிருக்கிறார். இந்திபெண்டியென்டே கிளப்பின் இளையோர் அணியில் இருந்தவரை 2010இல் ஆர்சனல் கூப்பிட்டபோது வயது 17. அம்மாவும் அண்ணனும் போகாதே என்று அழ, வீட்டுக்குப் பணம் வேண்டுமே என்று லண்டனுக்கு விமானம் ஏறினார்.

போன இடத்தில் அவருக்கு முன்னால் கீப்பர்களின் வரிசை. அல்முனியா, ஃபாபியான்ஸ்கி, செஸ்னி, மன்னோனே. 2011இல் ஆள் பற்றாக்குறை வந்தபோது ஓய்வு பெற்றிருந்த லேமனைக் கூப்பிட்டு வந்தார்கள். பிறகு ஒஸ்பினா, பீட்டர் செக், கடைசியில் லெனோ. நடுவே விவியானோ என்று ஒரு இத்தாலியரை ஒரு சீசனுக்கு லோனில் எடுத்தார்கள், அவர் முதல் அணிக்காக ஒரு ஆட்டம்கூட ஆடாமல் ஊர் திரும்பினார். (விவியானோவைப் பற்றி யாரும் பதிவு போடுவதில்லை என்பதையும் இங்கே குறித்துக்கொள்ளுங்கள்.)

மார்ட்டினெஸ் 2012 மே மாதம் ஆக்ஸ்ஃபோர்டு யுனைடெட்டுக்குப் போய் ஒரே ஒரு ஆட்டம் ஆடினார், மூன்று கோல் வாங்கினார். அதே வருஷம் அக்டோபரில் லீக் கோப்பையில் ரெடிங்குக்கு எதிராக ஆர்சனல் 0-4 என்று பின்தங்கி 7-5 என்று வென்ற அந்தப் பைத்தியக்கார ஆட்டத்தில் ஐந்து கோல் வாங்கிய கீப்பர் இவர்தான். பிறகு ஷெஃபீல்ட் வெனஸ்டே, ராதரம், வுல்வ்ஸ். ஸ்பெயினில் கெட்டாஃபே போனார், அங்கேயும் பெரும்பாலும் பெஞ்ச். 2019 ஜனவரியில் ரெடிங் போனபோதுதான் தொடர்ந்து ஆட இடம் கிடைத்தது. பத்து வருஷத்தில் ஆர்சனலுக்காக மொத்தம் 38 ஆட்டங்கள், அதில் பிரீமியர் லீக் ஆட்டங்கள் வெறும் 15.

கோல் கீப்பர் வேலையின் அமைப்பே இப்படித்தான். மற்ற பத்து இடங்களில் எதற்கும் மாற்று ஆட்டக்காரர் இறங்குவார். 70ஆவது நிமிஷத்தில் விங்கர் களைத்தால் இன்னொரு விங்கர் வருவார், மிட்ஃபீல்டர் தேவைப்பட்டால் டிஃபென்ஸிலும் நிற்பார். கீப்பரை யாரும் களைப்புக்காக மாற்றுவதில்லை. காயம், சிவப்பு அட்டை, நோய், இந்த மூன்றில் ஏதாவது ஒன்று இன்னொரு மனிதனுக்கு நடந்தால்தான் இரண்டாம் கீப்பருக்கு வேலை. தோனி காலத்தில் விக்கெட் கீப்பராக இருந்த தினேஷ் கார்த்திக்கை நினைத்துப் பார்க்கலாம். ஆனால் அவருக்குக் கையில் பேட் இருந்தது. வெறும் பேட்ஸ்மேனாகவும் இந்திய அணிக்குள் வர முடிந்தது. கால்பந்துக் கீப்பருக்கு அந்தப் பின்வாசலும் கிடையாது.

சரி, இடம் கிடைத்தவர்களாவது நிலைத்தார்களா? லெனோ குணமாகி வந்து தன் இடத்தை வாங்கிக்கொண்டார். 2021இல் சீசனின் முதல் மூன்று ஆட்டத்தையும் ஆர்சனல் தோற்றதும் அந்த இடம் ராம்ஸ்டேலுக்குப் போனது. 2023இல் ராம்ஸ்டேலிடமிருந்து ராயாவுக்கு. லெனோ இதற்கிடையில் ஃபுல்ஹம் போய் அங்கே முதல் கீப்பராகிவிட்டார், நன்றாகவும் ஆடுகிறார். நான்கே வருஷத்தில் ஒரே வலைக்கு முன்னால் நான்கு பேர். இதில் உழைக்காதவர் யார்?

எனக்கு இந்த விஷயத்தில் எப்போதும் நினைவுக்கு வருகிறவர் ஸ்காட் கார்சன். 19 வயதில் லிவர்பூலுக்காகச் சாம்பியன்ஸ் லீக் காலிறுதியில் யுவெண்டஸுக்கு எதிராக ஆடியவர். 2007 நவம்பரில், 22 வயதில், யூரோ தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தில் குரோஷியாவுக்கு எதிராக வெம்ப்ளியில் அவரை நிறுத்தினார்கள். இங்கிலாந்துக்காக அவருடைய முதல் போட்டி ஆட்டம் அது. மழை. கிராஞ்சார் தூரத்திலிருந்து அடித்த பந்து முன்னால் குத்தி எழும்பி அவர் கையில் பட்டு உள்ளே போனது. இங்கிலாந்து 3-2 என்று தோற்று யூரோவுக்கே போகவில்லை. அன்றைக்கு அந்த அணியில் பெரிய பெரிய பெயர்கள் இருந்தன, மறுநாள் பத்திரிகைகளில் அடி வாங்கியதில் பெரும்பங்கு கார்சனுக்கு.

அவர் ஓடிப் போகவில்லை. கீழ் டிவிஷன்களில் ஆடினார், துருக்கி போனார், டெர்பிக்கு வந்தார். 2019இல் மான்செஸ்டர் சிட்டி அவரை மூன்றாம் கீப்பராக எடுத்தது. ஆறு சீசன் இருந்தார், ஆடியது இரண்டே ஆட்டம். பதக்கங்களோ வீட்டில் வைக்க இடமில்லாத அளவுக்கு. 2005இல் லிவர்பூல் சாம்பியன்ஸ் லீக் வென்றபோது இஸ்தான்புல் அட்டாதுர்க் மைதானத்தில் பெஞ்சில் இருந்தார். 18 வருஷம் கழித்து 2023இல் சிட்டி வென்றபோதும் அதே மைதானம், அதே பெஞ்ச். தோல்வியின் கதையா இது? எனக்கு அப்படித் தெரியவில்லை. பயிற்சியில் உலகின் சிறந்த முன்கள வீரர்களின் ஷாட்டுகளைத் தினமும் தடுத்து, அணி அறையில் எல்லோருக்கும் பெரியண்ணனாக இருந்து, ஒழுங்காகச் சம்பளம் வாங்கிய ஒரு தொழிலாளியின் கதை. ‘விடாமுயற்சி’ ஆட்களுக்கு இவரை எந்தப் பெட்டியில் போடுவது என்று தெரியாது.

லோரிஸ் காரியுஸை எந்தப் பெட்டியில் போடுவது என்று மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. 2018 கீவ் நகரில் சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டி, ரியல் மாட்ரிடுக்கு எதிராக லிவர்பூலின் கீப்பர் இவர். பென்ஸெமாவின் காலுக்கே பந்தை எறிந்தது, பேல் அடித்ததைக் கையில் வாங்கி உள்ளே விட்டது. கேலிப் படங்கள் இன்றும் ஓயவில்லை. அந்த இரண்டு தவறுக்கும் முன்னால் மாட்ரிட் வீரர் ராமோஸின் முழங்கை அவர் தலையில் பட்டது என்பதும், பாஸ்டன் மருத்துவர்கள் சில நாள் கழித்துப் பரிசோதித்து மூளை அதிர்ச்சி ஏற்பட்டிருக்கிறது என்று சொன்னதும் அந்தப் படங்களில் இல்லை. 2023 பிப்ரவரியில் லீக் கோப்பை இறுதிப் போட்டிக்கு நியூகாசிலின் முதல் கீப்பர் போப்புக்குத் தடை, இன்னொரு கீப்பர் துப்ராவ்கா அதே கோப்பையில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்காக ஆடிவிட்டதால் அவராலும் ஆட முடியாது. இரண்டு வருஷமாக ஒரு போட்டியும் ஆடாத காரியுஸ் நேராக வெம்ப்ளி இறுதிப் போட்டியில் இறங்கினார். நியூகாசில் 2-0 என்று தோற்றாலும் அவர் நன்றாகத்தான் ஆடினார். ஆனால் அதற்குப் பிறகு அவருக்கு மார்ட்டினெஸ் போல் ஒரு கோடைக்காலம் வாய்க்கவில்லை.

மார்ட்டினெஸுக்கு அதிர்ஷ்டம் ஒருமுறையோடு நிற்கவும் இல்லை. 2021இல் அர்ஜென்டினாவின் முதல் கீப்பர் ரிவர் பிளேட் கிளப்பின் அர்மானி. மே மாதம் ரிவர் பிளேட்டில் கொரோனா புகுந்து இருபது பேரைச் சாய்த்தது, கீப்பர்கள் அத்தனை பேரும் போய்விட்டார்கள். தென் அமெரிக்கக் கிளப்புகளின் கோபா லிபர்தடோரெஸ் ஆட்டம் ஒன்றில் என்ஸோ பெரெஸ் என்ற மிட்ஃபீல்டர், அவரே காயத்தோடு இருந்தவர், கையுறை மாட்டிக்கொண்டு கோலுக்கு முன்னால் நின்றார். மாற்று ஆளே இல்லாமல் பதினோரு பேரோடு ஆடி 2-1 என்று வென்றார்கள். (நேரம் இருந்தால் அந்த ஆட்டத்தைத் தேடிப் பாருங்கள், சினிமாவில் வைத்தால் நம்ப மாட்டோம்.) அர்மானிக்குத் தொற்று உடனே தெளியவில்லை. ஜூன் 3 அன்று சிலிக்கு எதிரான உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று ஆட்டத்தில் பயிற்சியாளர் ஸ்கலோனி மார்ட்டினெஸை இறக்கினார். தேசிய அணிக்கு அறிமுகம் ஆகும்போது வயது 28. அடுத்த மாதமே தென் அமெரிக்க நாடுகளின் கோபா அமெரிக்கா கோப்பை.

இப்படிச் சொல்வதால் அவரைக் குறைக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அவருடைய வாழ்க்கையில் முழுக்க அவருடையதாக இருந்த ஒரு முடிவு உண்டு, பதிவு போடுகிறவர்கள் அதைச் சொல்வதே இல்லை. எஃப்ஏ கோப்பை வென்ற கையோடு அவர் ஆர்சனலிடம் கேட்டது, இனி நான்தான் முதல் கீப்பர் என்ற உறுதி. கிடைக்கவில்லை. பத்து வருஷம் காத்திருந்த கிளப்பை விட்டு, அதற்கு முந்தைய சீசனில் தரமிறக்கத்திலிருந்து மயிரிழையில் தப்பிய ஆஸ்டன் வில்லாவுக்குப் போனார். விலை சுமார் 2 கோடி பவுண்ட். முதல் ஆட்டத்திலேயே ஷெஃபீல்ட் யுனைடெட்டின் பெனால்ட்டியைப் பிடித்தார், அந்தச் சீசனில் லீக்கில் 15 கிளீன் ஷீட், அதாவது ஒரு கோலும் விடாத ஆட்டங்கள். பொறுமையைவிட இந்த விலகல்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. பத்து வருஷம் காத்துக் கிடந்தவனுக்குப் பதினோராவது வருஷமும் காத்திருப்பது சுலபம்.

இன்னொன்று பெனால்ட்டி. 2021 கோபா அரையிறுதி, கொலம்பியா. பிரேசிலியாவில் கூட்டமே இல்லாத மைதானம், அதனால் அடிக்க வருகிறவர்களிடம் அவர் பேசிய ஒவ்வொரு வார்த்தையும் மைக்கில் விழுந்தது. யெர்ரி மினாவிடம் ‘உன்னைத் தின்னப் போகிறேன் பார்’ என்றார், தின்றார். சான்செஸ், மினா, கார்டோனா என்று மூன்று பேர். 2022 உலகக் கோப்பையில் நெதர்லாந்தின் வான் டைக், பெர்கூயிஸ். இறுதிப் போட்டியில் பிரான்ஸின் கோமான், பிறகு சுவாமெனி அடிக்க வரும்போது பந்தைத் தூர எறிந்து அவரையே போய் எடுத்துவர வைத்தார். சுவாமெனி வெளியே அடித்தார். 2023இல் விதியையே திருத்தி, பெனால்ட்டி அடிப்பவரைக் கீப்பர் இப்படித் திசைதிருப்பக் கூடாது என்று எழுதிவிட்டார்கள்.

அவருடைய சேட்டை எல்லாவற்றையும் நான் ரசிக்கிறேன் என்று இல்லை. உலகக் கோப்பை மேடையில் தங்கக் கையுறை விருதை வைத்துக்கொண்டு செய்த சைகை அசிங்கம், அவ்வளவுதான். அதை 2024இல் இன்னொரு கோப்பையோடு திரும்பச் செய்ததும், கேமராவைத் தட்டிவிட்டதும் சேர்ந்து ஃபிஃபா இரண்டு ஆட்டம் தடை போட்டது நியாயம்தான். ஆனால் பெனால்ட்டிக்கு முன்னால் பேசுவது வேறு. பதினொரு மீட்டரில், அடிப்பவனுக்கே எல்லாச் சாதகமும் இருக்கிற இடத்தில், கீப்பருக்கு இருக்கிற ஒரே ஆயுதம் எதிராளியின் மனசு. அதையும் பிடுங்கிக்கொண்டால் எப்படி?

அந்த 2022 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் 3-3 என்று இருக்கும்போது, 123ஆவது நிமிஷத்தில் பிரான்ஸின் கோலோ முவானி தனியாக வந்து அடித்ததை இடது காலை நீட்டித் தடுத்தாரே, அதில் பேச்சும் இல்லை, சேட்டையும் இல்லை. அதிர்ஷ்டம் என்றும் சொல்ல மாட்டேன். முன்னேறி வந்து, உடம்பை விரித்து, கடைசி நொடி வரை காலைத் தரையில் வைத்திருந்த வேலை அது. கெட்டாஃபே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதும் அவருக்கு அது தெரிந்திருக்கும். அன்றைக்குப் பார்க்கத்தான் யாரும் இல்லை.

2023, 2024 இரண்டு வருஷமும் உலகின் சிறந்த கீப்பருக்கான யாஷின் விருது. 2025 மே மாதம் சீசனின் கடைசி நாள் மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்ட் டிராஃபோர்டு மைதானத்தில் சிவப்பு அட்டை. வில்லா தோற்றது, சாம்பியன்ஸ் லீக் இடமும் கைவிட்டுப் போனது. அந்தக் கோடையில் அதே யுனைடெட்டுக்குப் போக அவருக்கு ஆசை இருந்தது, கடைசி நாளில் அவர்கள் ஆன்ட்வெர்ப்பிலிருந்து லாமென்ஸ் என்ற 23 வயதுப் பையனை எடுத்துக்கொண்டார்கள். இந்த முறை காற்று வேறு பக்கம் அடித்தது.

அந்தச் சிவப்பு அட்டைக்கான தடையால் புதிய சீசனின் முதல் ஆட்டத்தில் அவரால் ஆட முடியவில்லை. பிரெஸ்ட் கிளப்பிலிருந்து வந்திருந்த இரண்டாம் கீப்பர் மார்கோ பிஸோ இறங்கினார். 34 வயதில் அவருடைய முதல் பிரீமியர் லீக் ஆட்டம். நியூகாசிலோடு 0-0, ஒரு கோல்கூட விடவில்லை. தடை முடிந்து மார்ட்டினெஸ் திரும்பியதும் பிஸோ பெஞ்சுக்குப் போனார்.