கார் ஸ்கேனரில் பி0171 கோடு வந்ததும் சென்சாரை மாற்றாதீங்க
வண்டியின் கோளாறுக் கோடைப் படிக்கிற ஸ்கேனர் ஒன்று வாங்கினால் எந்தப் பார்ட் போயிருக்கிறது என்று அதுவே சொல்லிவிடும் என்கிறது இங்கே வந்திருக்கிற கட்டுரை, அங்கேதான் எனக்கு உதைக்கிறது. போன வருஷம் தொப்பூர் கணவாய் ஏறும்போது என் பழைய பெட்ரோல் வண்டியில் செக் இன்ஜின் லைட் எரிந்தது, தர்மபுரி வந்து ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கிற சாக்கெட்டில் ப்ளூடூத் ஸ்கேனரைச் செருகினால் பி0171, அதாவது கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. ஒரு ஒர்க்‌ஷாப்பில் கோடைப் பார்த்ததுமே புகையில் இருக்கிற ஆக்ஸிஜனை அளக்கிற ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றணும் என்றார்கள். மனசு ஒப்பவில்லை. வீட்டில் ஸ்கேனரின் லைவ் டேட்டாவில் ஃப்யூவல் ட்ரிம், அதாவது கலவையைச் சரிசெய்ய இன்ஜின் கம்ப்யூட்டர் எவ்வளவு பெட்ரோல் கூட்டுகிறது என்று பார்த்தேன், ஆக்சிலேட்டர் தொடாத ஐடிலில் 20 சதவீதத்துக்கு மேல், 2500 ஆர்பிஎம்மில் சுமார் 5 சதவீதம். ஆக்சிலேட்டர் கொடுத்தால் சரியாகிறது என்றால் எங்கோ காற்று திருட்டுத்தனமாக உள்ளே போகிறது என்றுதானே அர்த்தம்? பானட்டைத் திறந்து காது கொடுத்தேன், இன்ஜினுக்குக் காற்று போகிற இன்டேக் மேனிஃபோல்டுக்குப் பின்னால் 'உஸ்' என்று சத்தம், விரல் தடிமன் ரப்பர் ஹோஸ் வளைகிற இடத்தில் வெடித்திருந்தது. அரை அடி புது ஹோஸ், இரண்டு கிளிப், அவ்வளவுதான். மேலே கமெண்டில், பேட்டரியைக் கழற்றி மாட்டினால் லைட் போய்விடும் என்று எழுதியிருப்பவருக்கு: போகும் சார், பதிவான கோடும் அழிந்துவிடும், ஆனால் வெடிப்பு அப்படியேதானே இருக்கும், ரெண்டு நாளில் மறுபடி எரியும். அப்புறம், நம்ம பட்ஜெட் வண்டிகளில் பிரேக் பேட் தேய்ந்ததை எந்த ஸ்கேனரும் காட்டாது, தொப்பூர் இறக்கத்தில் அடிக்கடி போகிறவர்கள் வீலைக் கழற்றிக் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள்.