மொழி வரலாறு படித்தால் சோறு கிடைக்குமா?

தமிழ் மூத்த மொழி என்று மேடைக்கு மேடை முழங்குகிறோம். அந்த மூப்பைச் சான்றோடு ஆராய்கிறவருக்கு மாதச் சம்பளம் தரும் வேலை எத்தனை வைத்திருக்கிறோம்?

முதுகலைத் தமிழ் முடித்த என் மாணவிக்கு மொழி வரலாற்றில் ஆய்வு செய்ய ஆசை. குத்தாலம் பக்கம் குறுவை போடும் அவள் அப்பா, "பி.எட். படித்தால் பள்ளிக்கூட வேலைக்காவது போகலாம். இதைப் படித்தால் என்ன கிடைக்கும் ஐயா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நம் ஊரில் அவருக்கு யாரும் நேராகப் பதில் சொல்வதில்லை.

இந்தத் துறையில் பெரிதாகச் செய்தவர்கள் பலருக்குச் சோறு போட்டது வேறு உத்தியோகம். தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்று 1816-ல் எழுதிய எல்லிஸ், சென்னையில் கலெக்டர். 1856-ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வெளியிட்ட கால்டுவெல், பாதிரியார். தமிழின் மிகப் பழைய எழுத்தான தமிழ் பிராமியில் வெட்டிய கல்வெட்டுகளைப் படித்து 2003-ல் பெருநூல் தந்த ஐராவதம் மகாதேவன், ஐ.ஏ.எஸ். அதிகாரி. கலெக்டரானால்தான் கல்வெட்டு படிக்கலாம் என்றால் விவசாயி வீட்டுப் பெண் எங்கே போவாள்?

கல்லூரி வேலை கிடைத்ததால் நடந்ததையும் பாருங்கள். உ.வே.சா. கும்பகோணம் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே, அந்த ஊர்ச் சமணர்களிடம் ஐயம் கேட்டுத் தெளிந்து, 1887-ல் சமணக் காப்பியமான சீவக சிந்தாமணியை அச்சேற்றினார். கனடாவில் பிறந்த மொழியியலாளர் எமனோ 1935-ல் இந்தியா வந்து நீலகிரியில் தோடர், கோத்தர் மொழிகளைக் கேட்டு எழுதினார். பிறகு அமெரிக்காவின் பெர்க்லியில் பேராசிரியராக இருந்தபடி, இன்னொரு மொழி அறிஞரான பர்ரோவுடன் சேர்ந்து 1961-ல் திராவிட வேர்ச்சொல் அகராதியைக் கொண்டுவந்தார்.

வேலை நிரந்தரமாக இருக்க வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் 'செவி' கன்னடத்தில் 'கிவி'. நம் 'சேரி' அங்கே 'கேரி'. இ, எ போன்ற உயிர்களுக்கு முன் பழைய ககரம் தமிழில் பெரும்பாலும் சகரமாகிவிட்டது; கன்னடம் பழையதைக் காப்பாற்றியிருக்கிறது. இதைச் சபையில் சொன்னால் சிலருக்கு முகம் சுருங்கும். அடுத்த ஆண்டு வேலை இருக்குமா என்று தெரியாத கௌரவ விரிவுரையாளர் எப்படித் துணிந்து சொல்வார்?

டெல்டாவில் கிடப்பது கொஞ்சமா? தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில், மராத்தியை எழுதப் பயன்பட்ட பழைய 'மோடி' எழுத்தில் ஆவணங்கள். பெரிய கோயில் சுவரில் 1803-ல் வெட்டிய நீண்ட மராத்திக் கல்வெட்டு. 1706-ல் ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு வந்திறங்கித் தமிழ் கற்ற தரங்கம்பாடி. மயிலாடுதுறை அருகே செம்பியன் கண்டியூரில் பள்ளி ஆசிரியர் ஒருவர், வாழையும் தென்னையும் வைக்கக் கொல்லையில் குழி வெட்டியபோது கிடைத்த கற்கோடரி, 2006-ல் பெரிய விவாதத்தையே கிளப்பியது. அதிலிருப்பவை சிந்துவெளிக் குறிகள் என்றார் மகாதேவன், மறுத்தவர்களும் உண்டு. அந்த வழக்கை எடைபோட ஆள் வேண்டாமா?

அரசுக்கு என் கோரிக்கை இது. டெல்டாவின் அரசுக் கல்லூரி ஒவ்வொன்றிலும் மொழி வரலாற்றுக்கு ஒரு நிரந்தரப் பணியிடம் வேண்டும். கிரந்தம், மோடி, பிராகிருதம் கற்க வரும் பிள்ளைகளுக்கு, விடுதிச் செலவு போக வீட்டுக்கும் கொஞ்சம் அனுப்பும் அளவுக்கு உதவித்தொகை வேண்டும். அடுத்த பட்ஜெட்டிலேயே வேண்டும்.