நீலக்கோடும் வேடியப்பன் கல்லும்

விருதம்பட்டு தாண்டிப் பாலாற்றுப் பாலத்தில் வண்டி ஏறியது. பின்சீட்டில் இருந்த வங்காளப் பெரியவர் தன் போனை என் தோளுக்குப் பக்கமாக நீட்டினார். திரையில் பாலாறு நல்ல நீலத்தில் அகலமாக வளைந்து போகிறது. ஜன்னலுக்கு வெளியே மணல், முள்ளுச்செடி, ஓரமாக நாலு எருமை. "பாய், பானி கிதர் ஹை?" என்றார். கிண்டலாகக் கேட்கவில்லை. கங்கைப் பக்கத்து ஆள், மெய்யாகவே தண்ணீரைத் தேடினார். வீட்டம்மாவின் ஆபரேஷனுக்காக ஒன்றரை நாள் ரயிலில் உட்கார்ந்து வந்த களைப்பு முகத்தில் இருந்தது.

காட்பாடியில் ரயில் இறங்கி வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களை ஏற்றி இறக்குவதுதான் பல வருடமாக என் பிழைப்பு. இந்தக் கேள்வியை எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள், சிரித்துவிட்டுக் கியரை மாற்றியிருக்கிறேன். அன்றைக்கு மட்டும் வாயில் தானாக வந்தது: "பானி நீச்சே ஹை, தாதா." தண்ணீர் கீழே இருக்கிறது. அவர் போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டுப் பாலம் முடிகிற வரைக்கும் மணலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

அந்தப் பதில் என் சொந்தச் சரக்கு இல்லை, ஔவையார் சொன்னது. நல்வழியில் ஒரு வெண்பா இப்படித் தொடங்கும்:

"ஆற்றுப் பெருக்கற்று அடிசுடும் அந்நாளும் அவ்வாறு
ஊற்றுப் பெருக்கால் உலகூட்டும்"

வெள்ளம் வற்றி மணல் காலைச் சுடுகிற நாளிலும் அந்த ஆறு ஊற்றாகச் சுரந்து ஊருக்கே சோறு போடும். ஏழையாகிவிட்ட நல்ல குடும்பம், வாங்க வந்தவனுக்கு இல்லை என்று சொல்லாது என்பதற்கு ஔவை சொன்ன உவமை இது. பள்ளிக்கூடத்தில் ஒப்பித்தபோது பொருள் சொல்லித்தர வேண்டிய தேவையே எங்களுக்கு இல்லை. கோடையில் அம்மாவோடு குடம் தூக்கிக்கொண்டு பாலாற்றுக்குப் போவோம். மணல் சுடும். ஓடிப்போய் ஈரமான இடத்தில் காலை வைத்துக்கொள்வோம். கொட்டாங்குச்சியால் முழங்கை ஆழத்துக்குத் தோண்டினால் முதலில் கலங்கல் வரும். அதை இறைத்துக் கொட்டிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். மெல்ல ஊறும். அம்மா அதைக் கலக்காமல் மேலாக மொண்டு, முந்தானையில் வடிகட்டிக் குடத்தில் ஊற்றுவாள். அந்தத் தண்ணீரின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

எங்கள் ஆற்றைத் தப்பு இல்லாமல் வரைந்து வைத்திருப்பது அந்த வெண்பாதான். நந்திமலைப் பக்கம் பிறந்து 348 கிலோமீட்டர் ஓடுகிற பாலாற்றில் 222 கிலோமீட்டர் நம் தமிழ்நாட்டில் இருக்கிறது. திரையில் அவ்வளவும் ஒரே நீலம். வெண்பாவில் வெயில் இருக்கிறது, மணல் இருக்கிறது, மணலுக்கு அடியில் தண்ணீர் இருக்கிறது, அதை நம்பி வாழ்கிற ஊர் இருக்கிறது.

இதை ஏதோ ரசனைப் பேச்சு என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஒரு பொருளை என்னவாகப் பார்க்கிறோமோ அப்படித்தான் அதை நடத்துவோம். ஊற்றுப் படுக்கையை வெறும் மணலாகப் பார்த்தவர்கள் லாரி லாரியாக அள்ளினார்கள். வறண்ட பள்ளமாகப் பார்த்தவர்கள் தோல் ஆலைக் கழிவுநீரைத் திறந்துவிட்டார்கள். 1996-இல் உச்ச நீதிமன்றம் நம் வேலூர் வழக்கில்தான் மாசு செய்தவரே அதற்கு ஈடுகட்ட வேண்டும் என்பதை இந்த நாட்டின் சட்டம் என்று சொன்னது. அந்தத் தீர்ப்பைச் சட்டம் படிக்கிற பிள்ளைகள் இன்றைக்கும் படிக்கிறார்கள். ஆனால் அம்மா தோண்டிய இடத்தில் இன்று தோண்டினால் ஊறாது. ஊறினாலும் வாயில் வைக்கப் பயமாக இருக்கிறது.

மேப்பைத் திட்டுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். என் வீட்டு அடுப்பு அதில்தான் எரிகிறது. 20,000 கிலோமீட்டருக்கு மேலே சுற்றுகிற செயற்கைக்கோள்களில் குறைந்தது நான்கின் நேரக்குறிப்பைப் பிடித்து, நான் நிற்கிற சந்து வரைக்கும் கணக்குப் போட்டுச் சொல்கிறதே, அதை நினைத்தால் இன்னமும் எனக்கு ஆச்சரியம்தான். நடு ராத்திரியில் வலியில் துடிக்கிற ஆளை ஏற்றிக்கொண்டு வரும்போது எனக்கு வேண்டியது நிமிடக் கணக்கு மட்டும்தான். என்னுடைய ஆதங்கம் வேறு. அந்தக் கணக்கு மெல்ல மெல்ல என் கண்ணாகவே ஆகிவிட்டது. கண்ணமங்கலம் என்றால் இத்தனை நிமிடம், ஆரணி என்றால் இத்தனை நிமிடம். நான் போகிற ஊரில் யார் இருக்கிறார்கள் என்று கேட்பதே நின்றுபோயிருந்தது.

2021 நவம்பரில் பாலாறு கரை தொட்டு வந்ததே, அப்போது மேப் என்னை நேராக ஒரு தரைப்பாலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனது. டீக்கடைப் பெரியவர் ஒருவர் ரோட்டின் நடுவில் நின்று கையை விரித்து மறித்தார். "ஆறு வந்துனு கீது நைனா, திருப்பு வண்டிய" என்றார். திரையில் அதே நிமிடம், அதே கோடு.

போன ஆடியில் ஒரு குடும்பத்தைக் குலதெய்வக் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். பெங்களூரில் பிறந்து வளர்ந்தவர்கள், வேர் மட்டும் செங்கம் பக்கம். எல்லாம் ஒருகாலத்தில் நம் வடஆர்க்காடுதான். 1989-இல்தான் மாவட்டத்தைப் பிரித்தார்கள். போளூர் தாண்டியதும் பர்வதமலை தெரிய ஆரம்பித்தது. செங்கம் போய், உள்ளே ஒரு கிராமத்துச் சாலையில் கோடு முடிந்துவிட்டது. சிக்னலும் இல்லை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஆயாவிடம் வேடியப்பன் கோயிலுக்கு வழி கேட்டேன்.

"நேரா போ நைனா. ஏரிக்கரை மேல ஏறாத, ஈரமா கீது, வண்டி வழுக்கும். கீழயே போனா ஒத்தப் பனை வரும். அங்க ரெண்டு வழி பிரியும். பீச்சாங்கைப் பக்கம் கெணறு, சொவரு கெடையாது, புள்ளைங்கள கையில புடிச்சிக்கோ. சோத்தாங்கைப் பக்கம் போனா வேடியப்பன் கல்லு. கும்புட்டுட்டு எங்கூட்டுக்கு வா, மோரு கீது. பொழுது போயிட்டா தங்கிட்டுப் போங்க, இன்னா இப்ப."

முன்னே பின்னே பார்த்திராத எட்டுப் பேரைத் தங்கச் சொன்னாள். மோர் குடித்துவிட்டுத்தான் வந்தோம்.

ரெண்டு நாள் கழித்து, காட்பாடியில் ரயில் தாமதம். வண்டியில் படுத்துக்கொண்டே போனில் மலைபடுகடாம் திறந்தேன். தமிழ் பி.ஏ. படித்தபோது தேர்வுக்காகப் புரட்டியது. பத்துப்பாட்டில் ஒன்று, 583 அடி, பாடியவர் பெருங்கௌசிகனார். நன்னன் என்கிற குறுநில மன்னனிடம் பரிசு பெற்றுத் திரும்புகிற கூத்தன் ஒருவன், வறுமையோடு எதிரே வருகிற கூத்தருக்கு அந்த மன்னன் ஊருக்கு வழி சொல்கிறான். நன்னனின் ஊர் செங்கண்மா, அதுதான் செங்கம். அவனுடைய நவிரமலை பர்வதமலை என்கிறார்கள். அதில் வருகிற சேயாறு நம் செய்யாறு. பரீட்சை எழுதியபோது இதெல்லாம் அடைப்புக்குறிக்குள் போட வேண்டிய விடை. அந்தச் சாலையில் வண்டி ஓட்டிவிட்டு வந்து படித்தால் மயிர்க்கால் குத்திட்டது.

எல்லாம் ஆயா சொன்ன மாதிரியேதான் இருக்கிறது. பன்றிக்குப் பொறி வைத்திருப்பார்கள், பார்த்துப் போங்கள். பாம்பு ஒடுங்கியிருக்கிற இடம் உண்டு, ஜாக்கிரதை. தினைப்புனக் காவல்காரர்கள் கவண்கல் எறிவார்கள். பாசி வழுக்கும். இருட்டிவிட்டால் நடக்காதீர்கள், குகையில் வீட்டுக்குள் போவதுபோலப் போய்த் தங்குங்கள். குறவர் குடியிருப்பு வந்தால் "நும் இல் போல நில்லாது புக்கு" என்கிறான். உன் வீடு மாதிரி, வாசலில் தயங்கி நிற்காமல் உள்ளே போ. தினைச்சோறு கிடைக்கும். வழி தெரியாத புதியவர்களுக்கு இன்னொன்றும் சொல்கிறான்: "சந்து நீவிப் புல் முடிந்து இடுமின்." வழி பிரிகிற இடத்தில் தரையைத் துடைத்துச் சுத்தம் செய்து, புல்லை முடிந்து வைத்துவிட்டுப் போங்கள். பின்னால் வருகிறவர்கள் தப்பு வழியில் போய்விடக் கூடாது என்பதற்காக.

அந்த வரியிலேயே ரொம்ப நேரம் நின்றுவிட்டேன். எனக்கு வழி தெரிந்தால் போதாது, எனக்குப் பின்னால் ஒருவன் வருகிறான் என்கிற நினைப்போடு நடக்கச் சொல்கிறான்.

அந்தக் கவலைகளில் நடுகற்கள் எண்ண முடியாத அளவு இருக்கும் என்றும் பாட்டில் வருகிறது. கவலை என்றால் அங்கே வழி பிரிகிற இடம். "செல்லா நல்லிசைப் பெயரொடு நட்ட கல்" என்பது பாட்டின் சொல். அவற்றின் முன் பாடிவிட்டுப் போகச் சொல்கிறான். செங்கம் பக்கத்து ஜனங்கள் வேடியப்பன் என்று கும்பிடுவது பல இடங்களில் இப்படிப்பட்ட நடுகற்களைத்தான். அங்கே எடுத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்துக் கல் ஒன்று உண்டு. மாட்டு மந்தையைக் காத்துச் செத்த வீரனுக்கு நட்டது. பக்கத்திலேயே ஒரு நாயையும் செதுக்கி, அதன் பெயர் கோவிவன் என்றும், இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்றும் வட்டெழுத்தில் வெட்டி வைத்திருக்கிறார்கள். சுமார் 1400 வருடத்துக்கு முன்னால் ஒரு நாய்க்குப் பெயர் சொல்லி நன்றி சொன்ன மண் இது. எத்தனையோ தரம் செங்கம் போய் வந்திருக்கிறேன். என் வாடிக்கையாளர் யாருக்கும் இதைச் சொன்னதில்லை, எனக்கே தெரியாதே.

உளியும் கல்லும் அந்தக் காலத்துத் தொழில்நுட்பம்தான். ஓலையும் எழுத்தாணியும் அப்படித்தான். ஓலையில் கிடந்த பத்துப்பாட்டை உ.வே.சா. 1889-இல் அச்சில் ஏற்றினார். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் யார் யாரோ தங்கள் சொந்த நேரத்தைப் போட்டுத் தட்டச்சு செய்து பழைய நூல்களை இணையத்தில் ஏற்றினார்கள். அப்படிப்பட்ட உழைப்பால்தான் கார் சீட்டில் படுத்திருக்கிற எனக்கு அந்தப் புல் முடிச்சு வந்து சேர்ந்தது. அதனால் போன் வேண்டாம், புத்தகம் போதும் என்று சொல்கிறவர்களோடு என்னால் சேர முடியாது. போனுக்கு நாம் எதைக் கொடுத்தோம் என்று மட்டும் கேட்கிறேன். பெட்ரோல் பங்கையும் ஏ.டி.எம்.மையும் கொடுத்தோம், அதைக் காட்டுகிறது. ஏரிக்கு என்ன பெயர், எந்தக் கிணற்றுக்குச் சுவர் இல்லை, எந்தக் கல் யாருக்காக நின்றது என்று நாம் சொல்லவே இல்லையே.

இலக்கியமும் முழுசாகக் காட்டிவிடுவதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பரிசு கொடுக்கிற நன்னனைப் பாடுகிற பாட்டில் அவனிடம் தோற்றவன் வீட்டு அழுகை அவ்வளவாகக் கேட்காது. வடக்கிலிருந்து வருகிறவர்களை வேலூர்க் கோட்டை வழியாகக் கூட்டிப்போகும்போது 1857 பற்றிப் பேசுவார்கள். 1806 ஜூலை 10 விடியற்காலையில் இந்தக் கோட்டைக்குள்ளே சிப்பாய்கள் எழுந்தார்கள், உங்கள் கணக்குக்கு 51 வருடம் முன்னால் என்று சொன்னால் திகைத்துப் போகிறார்கள். அவர்கள் படித்த புத்தகத்தில் அது இல்லை. அதனால் நிறையப் படிக்க வேண்டும், படித்ததை அந்த இடத்தில் போய் நின்றும் பார்க்க வேண்டும். எனக்கு அந்த வெண்பா விளங்கியது சுடுமணலில் கால் வைத்ததால்தான். மலைபடுகடாம் விளங்கியது ஆயாவின் மோரால்.

இப்போது காத்திருக்கிற நேரத்தில் மேப்பில் பெயர் சேர்க்கிறேன். எங்கள் பக்கத்து ஏரிகள், ஊர்ச்சத்திரம், தரைப்பாலங்கள், அந்தக் கிணறு. தமிழில்தான் எழுதுகிறேன். சிலது ஏறுகிறது, சிலது திரும்பி வருகிறது, மறுபடி அனுப்புகிறேன். உங்கள் ஊரில் நீங்களும் செய்யுங்கள். வீட்டுப் பெரியவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு செய்யுங்கள், ஏரி மதகின் பெயர் வரைக்கும் அவர்களுக்குத்தான் தெரியும்.

போன வாரம் ஸ்டாண்டில் புதிதாகச் சேர்ந்த பையன் செங்கம் பக்கம் அதே கோயிலுக்குச் சவாரி என்று கூப்பிட்டான். "அண்ணே, லொகேஷன் மட்டும் அனுப்புண்ணே" என்றான். அனுப்பினேன். அப்புறம் வாய்ஸ் மெசேஜும் போட்டேன்: "ஒத்தப் பனைகிட்ட சோத்தாங்கைப் பக்கம் திரும்புடா. பீச்சாங்கைப் பக்கம் கெணறு, சொவரு கெடையாது, புள்ளைங்க இருந்தா எறக்காத. கல்லுகிட்ட ரெண்டு நிமிஷம் நின்னுட்டுப் போ. வர்ற வழியில ஆடு ஓட்டினு ஒரு ஆயா இருக்கும், வெத்தல பாக்கு வாங்கிக் குடு. வேலூர்க்காரரு குடுக்கச் சொன்னாருன்னு சொல்லு."